நீ நம்பிய கிணற்றுக் கொப்பி

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நம்புவதற்குத் தீவகம் முழுவதும் அரிதட்டு வைத்து அரித்தாலும் ஒரு சீவன் அகப்படாது என்று நயினை அம்மன்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். இது உனக்குப் புதிதல்ல. எங்கள் சேவல் ஒன்றைச் சோளகக் காற்று தூக்கிக்கொண்டு போய் நெடுந்தீவில் இறக்கியதும், அது அங்கே ஒரு கட்டாக்காலிக் குதிரையின் முதுகில் நின்று மூன்று நாள் கூவியதும், பிறகு ரிக்கற் எடுக்காமல் படகேறித் திரும்பி வந்ததும் நீ எட்டு வயதுவரை மனதார நம்பிய சரித்திரம். நான் பிறந்த அன்று அனலைதீவுக் கடல் மரியாதைக்காக இரண்டு பாகம் பின்வாங்கியது என்பதை மட்டும் உன் அம்மா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "அண்டைக்குக் கடல் வத்துற நாள் எண்டு மாமியே சொன்னவ" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் ஊர்ச் சங்கம் தன் கிணற்றுக் கொப்பியை, கிணறுகளின் உப்பளவை எழுதிவைக்கும் நோட்டை, ஒப்படைத்து, உண்மையை எழுது என்று சொன்னது. முன்பெல்லாம் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

நீ அனுப்பிய பொதி போன கிழமை வந்தது. சங்கத்துக்குக் காட்டுங்கோ என்று சொல்லி, உன் ஆய்வைத் தமிழில் சுருக்கி எழுதி அனுப்பியிருந்தாய். 'சமூக மட்ட அமைப்புகளின் ஆய்வு இயலளவை அளத்தலும் கட்டியெழுப்பலும்: ஒரு தீவுச் சங்கத்தின் அனுபவம்.' இந்தத் தலைப்பின் பாரத்தில் படகு ஒருபக்கம் சரிந்துதான் வந்தது என்று படகோட்டி சத்தியம் செய்தான். மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் எழுத்துப் பிழை பார்க்க, இரண்டாம் தரம் பெருமைப்பட, மூன்றாம் தரம் பயத்தில். எங்களைப் போன்ற ஒரு சின்னச் சங்கம் தன் ஊரின் வில்லங்கத்தைத் தானே தேடி, அளந்து, எழுதி, அந்த எழுத்தைக் காட்டி எதையாவது வெல்ல முடியுமா? முடியுமென்றால் அந்த வல்லமையை எப்படி அளப்பது, எப்படி வளர்ப்பது? இதுதானே நீ கேட்கிறாய். அதற்கு விடையாக நீ தூக்கி நிறுத்தியிருப்பது எங்கள் சங்கத்தை. அதற்குச் சாட்சி என் கையெழுத்தில் உள்ள ஆறு வருடக் கிணற்றுக் கொப்பி. வருகிற மாதம் நீ பேராசிரியர்கள் முன்னால் எழுந்து நின்று அந்தக் கொப்பியைக் காட்டப் போகிறாய். முதல் பக்கத்தில் எனக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாய்.

மகளே, அந்தக் கொப்பி பொய்.

இதைத் தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை மழையைப் பற்றிக் கதைத்தேன். இரண்டாம் முறை நீ சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் செய்த பிழையை எழுத்திலேயே திருத்துவது முறை என்றும் நினைத்துக்கொள்.

தொடக்கம் நல்லதாகத்தான் இருந்தது. ஒரு திட்டத்துக்காரர் வந்து பேனை அளவில் ஒரு உப்பு மீற்றரைத் தந்தார்கள். இரண்டு நாள் பயிற்சி, தின்ன ஆளுக்கு இரண்டு பணிஸ். தண்ணீரில் அதன் நுனியைத் தோய்த்தால் ஒரு எண் காட்டும். எண் ஏற ஏற உப்பு. பன்னிரண்டு கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஞாயிறுதோறும் அளந்து எழுத வேண்டும். "செயலாளர்தான் எழுத வேணும், அவரின்ரை எழுத்து முத்து" என்று தலைவர் சின்னத்துரை அண்ணை என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என் நடையே மாறிப்போனது. மீற்றரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நான் ஒழுங்கையில் இறங்கினால் நாய்கள் எழுந்து நின்று வழிவிட்டன. மாடுகள் நாக்கை நீட்டிக் காட்டின, டொக்டர் என்று நினைத்து. முதல் ஐந்தாறு மாதம் மீற்றர் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்தப் பக்கங்களில் மட்டும் எண்கள் கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கிடக்கும். உண்மைக்கு அழகு குறைவு என்று அப்போதே எனக்கொரு குறை இருந்தது.

பிறகு ஒருநாள் பின்னேரம் நடராசா வந்தான், மூன்றாம் இலக்கக் கிணற்றுக்காரன். கரம்பொன்னிலிருந்து மாப்பிள்ளைப் பகுதியார் அவனுடைய மூத்தவளைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் காணி எழுதும்போது எத்தனை பரப்பு என்று கேட்பதற்கு முன்னால் கிணறு நல்ல தண்ணியோ என்றுதான் கேட்பார்கள் என்பது உனக்குத் தெரியும். முந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது அவர்களுக்கு எங்கள் கொப்பியின் கீர்த்தி எட்டிவிட்டது.

"அண்ணை, கொப்பியைப் பாக்க வேணுமாம் அவைக்கு" என்றான். "என்ரை கிணத்து உப்பு மூண்டெண்டு கிடக்கு, உதை ஒரு ஒண்டரையாக்க ஏலாதோ?"

"அது மீற்றர் சொன்னது நடராசா. நான் சொன்னதில்லை."

"மீற்றருக்குக் குமர்ப்பிள்ளை இருக்கோ அண்ணை?"

 பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. உள்ளே உன் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலை சத்தம் சட்டென்று நின்றது. நான் மூன்றை அழித்து ஒன்றரை என்று எழுதினேன். திருவலை திரும்பத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தக் கலியாணம் நடந்தது. நல்ல கலியாணம். அடுத்த ஞாயிறு ஏழாம் இலக்கத்துக்காரர் வந்தார், அவருக்கும் மகள். அதற்கடுத்த ஞாயிறு ஒன்பதாம் இலக்கத்துக்காரர், அவருக்கு மூன்று. மகளில்லாத கிணற்றுக்காரர்கூட, அயலவனின் எண்ணைவிடத் தன் எண் கூடுதலாக இருப்பது அவமானம் என்று வந்து நின்றார். ஒரு வருடத்துக்குள் அனலைதீவில் எங்கள் பகுதி கங்கைக்கரையாகிவிட்டது. இன்னும் இரண்டு புள்ளி குறைத்திருந்தால் துலாவில் இனிக்கிற கருப்பநீர் ஏறியிருக்கும். ஒருமுறை குறைத்த எண்ணைப் பிறகு ஏற்றவும் ஏலாது. ஏற்றினால் சம்பந்திப் பகுதி சும்மா இருக்குமா? அதனால் ஒவ்வொரு எண்ணையும் குறைந்த இடத்திலேயே வளர்த்தேன். ஆவணி வெயிலில் ஒரு முடிச்சு ஏற்றுவேன், மாரி மழையில் ஒரு முடிச்சு இறக்குவேன். நீ உன் சுருக்கத்தில் 'பருவத்துக்கேற்ற சீரான ஏற்ற இறக்கம் பதிவின் நம்பகத்தன்மையைக் காட்டுகிறது' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சீர் என்னுடையது, பிள்ளை. கிணறுகளுக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

அந்தத் திட்டத்திலிருந்து எங்கள் இயலளவை அளக்க வந்த மிஸ்ஸை உனக்குத் தெரியாது. நீ அப்போது படிக்கப் போய்விட்டாய். கையில் ஒரு நீட்டுத் தாள், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள். தலைவர் அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, பரீட்சை எழுதப் போகிற முகத்தோடு முன் கதிரையில் இருந்தார். கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான்.

"உங்கடை சங்கம் தரவு சேகரிக்குதோ ஐயா?"

"சேகரிக்குது மிஸ். மழையெண்டாலும் வெயிலெண்டாலும். இவர் சேகரிச்ச தரவை வைக்க அலுமாரி காணாது."

"அதை ஆர் சரிபாக்கிறது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "ஊரே சரிபாக்குது மிஸ். கிணத்துச் சொந்தக்காரர் ஒவ்வொருத்தரும் தங்கடை எண்ணை வாசிச்சு, திருப்தி எண்டு சொன்னாப் பிறகுதான் நான் மையாலை எழுதுறனான்."

அன்று நான் சொன்னவற்றில் இது ஒன்றுதான் கலப்பில்லாத உண்மை. மிஸ் மகிழ்ந்துபோய் 'சமூகப் பங்கேற்பு' என்ற கட்டத்தில் ஐந்து போட்டா.

"கண்டுபிடிச்ச முடிவுகளைப் பாவிச்சு ஏதாவது பலன் வந்திருக்கோ?"

"ஓம் மிஸ்" என்றான் நடராசா பின்னாலிருந்து. "நாலு கலியாணம்."

முற்றமே சிரித்தது. மிஸ்ஸும் பகிடி என்று நினைத்துச் சிரித்தா. அதற்குள் உன் அம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, தாளில் இல்லாத ஒன்றையும் கேட்டா. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. தண்ணி எப்பிடி?"

உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. தட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தேத்தண்ணிக்கு முந்தின நிறம் வருகுதில்லைப் பிள்ளை."

"தேயிலை பழசு மிஸ்" என்றேன் நான்.

அந்தத் தாளில் தேத்தண்ணிக்குக் கட்டம் இல்லை. எங்களுக்குச் சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. அதைக் கொண்டுவந்த நாளில் கடல் அலையடிப்பதை நிறுத்திவிட்டுக் கை தட்டியது என்று நான் கூட்டத்தில் பேசினேன். பேசிய கையோடு மழைநீர்த் தொட்டித் திட்டம் வந்தது. எந்தப் பகுதிக் கிணறு கூடுதலாக உவர்க்கிறதோ அந்தப் பகுதிக்குத் தொட்டி. பட்டியல் பார்த்த அலுவலர் எங்கள் கொப்பியைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு என்ன குறை, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்று வாழ்த்தினார். தொட்டிகள் வேறிடம் போயின. அன்று நடராசா என்னைத் தேடி வந்து நின்ற நிலை கண்ணிலேயே நிற்கிறது.

"அண்ணை, என்ரை கிணத்துத் தண்ணியிலை மாடு வாய் வைக்குதில்லை. நீங்கள் என்னத்துக்கு ஒண்டரை எண்டு எழுதி வைச்சிருக்கிறீங்கள்?"

"நீர்தானே எழுதச் சொன்னனீர்!"

"நான் கலியாணம் முடியுமட்டும் எல்லோ சொன்னனான்!"

இதைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். 

இவ்வளவும் ஊர்க்கதை. இதை நீ மன்னிப்பாய். பேராசிரியர்கள் வேண்டுமானால் கோபிப்பார்கள், ஆனால் அவர்களுக்கும் எங்கேயாவது ஒரு குமர்ப்பிள்ளை இருக்கும். இனி எழுதப்போவது வீட்டுக்கதை. இதில் சேவலும் குதிரையும் வராது.

எங்கள் கிணறு ஐந்தாம் இலக்கம். அது என்னுடையதல்ல. உன் அம்மாவின் தாய் அவளுக்கு எழுதிக் கொடுத்தது, அவள் உனக்கு எழுதிக் கொடுக்க வைத்திருந்தது. மற்ற எல்லாருடைய எண்ணையும் நான் குறைத்தது அவர்கள் கேட்டதற்காக. ஐந்தாம் இலக்கத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உனக்கு நாளைக்கு ஒரு இடம் பொருந்தி வரும்போது எங்கள் கிணறு மட்டும் உப்பாக இருக்கக்கூடாது என்று நானாகக் குறைத்தேன். இதை உன் தலையில் கட்ட எழுதவில்லை. நீ அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், கலியாணம் என்ற சொல்லைக் கேட்டாலே புத்தகத்தால் எறிவாய். பயந்தது நான்.

உன் அம்மாவுக்கு மீற்றர் தேவைப்படவில்லை. "இஞ்சேருங்கோ, பருப்பு அவியுதில்லை" என்றாள் ஒருநாள். பருப்புப் பழசு என்றேன். வேறு கடையில் வாங்கினாள். "இதுவும் அவியுதில்லை." அந்தக் கடைக்காரனும் கள்ளன் என்றேன். அவள் விடியப்புறம் எழும்பிக் கோயில் கிணற்றுக்குக் குடம் கொண்டு போகத் தொடங்கினாள், குடிக்கவும் சமைக்கவும். ஊர் எழும்ப முதல் போய் வந்துவிடுவாள். செயலாளரின் பெண்சாதி அயல் கிணற்றில் தண்ணி அள்ளுவதைக் கண்டால் கொப்பியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்கே விளங்கியிருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அப்படி ஒன்றரை வருடம்.

பிறகு அவளுக்கு இரத்தப் பிறசர் என்று கண்டுபிடித்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்யாதவள். கறிக்கு உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள். உனக்கு நினைவிருக்கும், விடுமுறைக்கு வந்து முதல் பிடி சோறு தின்றுவிட்டு நீ முகத்தைச் சுழித்தாய். "கொம்மா பாத்தாலே கறியிலை உப்பேறும், தனியாப் போடத் தேவையில்லை" என்று நான் பகிடி விட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, நீ திரும்பிப் போன கிழமை, அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, குசினி வாசலில் இருந்து காலை நீட்டித் தடவிக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையாச் சொல்லுங்கோ. உங்கடை மீற்றர் எங்கடை கிணத்துக்கு என்ன காட்டுது?"

மகளே, அன்று காலையில்தான் அளந்திருந்தேன். நாலைத் தாண்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தது பேராசிரியர் அல்ல, அலுவலர் அல்ல, கரம்பொன் சம்பந்தி அல்ல. முப்பது வருடம் என் பொய்களைக் கேட்டுக் கேட்டு, எது பொய் எது பகிடி என்று என் மூச்சிலேயே பிரித்தறியத் தெரிந்தவள். நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். விரித்துக் காட்டினேன்.

"ஒண்டு தசம் எட்டு. பார்."

அவள் விரலை வைத்து வரியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். எழுத்தைப் பார்த்தாள். ஊராரின் எண்ணை நான் மாற்றுவது தெரிந்தவள், சொந்த வீட்டு எண்ணையும் மாற்றுவேன் என்று நினைக்கவில்லை.

"கொப்பியிலை இருக்கெண்டால் சரிதான்" என்றாள். "என்ரை நாக்குத்தான் பழுதாப் போச்சுது போலை. பிறகேன் நான் குடத்தோடை அலைய வேணும்?"

அடுத்த நாளிலிருந்து கோயில் கிணற்றுக்குப் போகவில்லை. எங்கள் கிணற்றையே குடித்தாள். நான் வாய் திறந்திருக்கலாம். அன்றைக்கே, அடுத்த நாள், அதற்கடுத்த கிழமை. முழங்காலுக்கு ஓய்வு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து மாதம் அப்படிச் சொன்னேன். பதினோராம் மாதம் அவள் குசினியில் விழுந்தாள். படகில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகும் வழியில் என் கையைப் பிடித்திருந்த ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தது. மற்றப் பக்கம் அசையவில்லை. மிச்சம் உனக்குத் தெரியும்.

தண்ணீர்தான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. அப்படி நான் எழுதினால் அது என் வழக்கமான மிகைப்படுத்தலில் சேரும். அவளுடைய தகப்பனுக்கும் பிறசர் இருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உப்பைக் குறை என்று சொல்லப்பட்ட ஒருத்தியிடம் உப்புத் தண்ணியை நல்ல தண்ணி என்று நான் எழுத்தில் காட்டினேன். அவள் தன் நாக்கை விட்டுவிட்டு என் எழுத்தை நம்பினாள். இதை எந்தக் கட்டத்தில் போட்டு ஒன்றிலிருந்து ஐந்துவரை அளப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் ஆய்வைக் குறை சொல்ல நான் யார். ஆனாலும் ஆறு வருடம் கள்ளக் கணக்கு எழுதியவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன், கேள். நீ எங்கள் சங்கத்திடம் கேட்ட கேள்விகள் எல்லாம் எங்களுக்கு வாய்ப்பானவை. கொப்பி இருக்கிறதா, ஒழுங்காக எழுதுகிறீர்களா, பயிற்சி எடுத்தீர்களா, கூடிப் பேசுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் ஓம். ஒரு கேள்வியை மட்டும் நீயும் கேட்கவில்லை, அந்த மிஸ்ஸும் கேட்கவில்லை. நீங்கள் எழுதிய ஒரு எண்ணுக்காக இந்த ஊரில் யாராவது உங்களோடு கதைக்காமல் விட்டிருக்கிறார்களா? ஆறு வருடத்தில் என்னோடு ஒருவரும் கதைக்காமல் விடவில்லை. எல்லா வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது. நீ அதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு சங்கத்தின் இயலளவைக் கட்டியெழுப்ப மீற்றரும் பணிசும் காணாது, பிள்ளை. மகளைப் பெற்றவன் வந்து முற்றத்தில் நிற்கும்போது மூன்றை மூன்றென்றே எழுதிவிட்டு, அவனோடு சேர்ந்து நல்ல தண்ணிக்கு வழி தேடுகிற ஊராக நாங்கள் மாற வேண்டும். அதற்கு ஒரு ஆளால் ஏலாது. நான் ஒருவனாக எழுதியதும் ஒரு பிழை. பருப்பு அவிக்கிறவர்களில் ஒருத்திக்காவது அந்த மீற்றரைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. கொப்பியில் செய்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கும் கொடுத்துவிட்டேன். போன ஞாயிறு கூட்டத்தில் நானே வாசித்தேன். சின்னத்துரை அண்ணை பாதியில் எழும்பிவிட்டார்.

"உமக்கு விசரே? உம்மடை பெட்டையின்ரை படிப்பும் போகும், என்ரை பேத்தியின்ரை சம்பந்தமும் போகும். செத்தவள் திரும்பி வரப்போறாளே?"

"இல்லை அண்ணை" என்றேன். "பெட்டை பொய்யை வைச்சுக்கொண்டு சபையிலை நிக்கப் போறாள்."

அவர் கதைக்காமல் போனார். மூன்று நாளாகிறது, ஒழுங்கையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு முதல் மார்க் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நடராசா மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் இருந்தான். "என்ரை கிணத்தைத் திரும்ப அளவுங்கோ அண்ணை, நான் பக்கத்திலை நிக்கிறன்" என்றான். அவனுடைய பெண்சாதியும் வந்து நின்றாள். மூன்று பேரும் பார்த்து எழுதினோம். எண் ஐந்துக்குக் கிட்ட.

உன் பட்டம் தள்ளிப்போகலாம். வராமலும் போகலாம். இரண்டு வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும். பேராசிரியர்களிடம் என்ன சொல்வது என்று நீ தீர்மானி. என் பெயரையும் ஊரையும் போட்டே சொல், வெட்கப்படாதே. வேண்டுமென்றால் நானே வந்து அவர்கள் முன்னால் நிற்கிறேன். அப்பாவைக் காப்பாற்ற நினைத்து ஒரு எண்ணையும் குறைத்து விடாதே. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

உன் சுருக்கத்தின் பின்பகுதியில், கழிக்கப்பட்ட தரவுகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருக்கிறாய். 'ஐந்தாம் இலக்கக் கிணற்றில் ஒரு வாரத்தின் ஏழு அளவீடுகள், முன்னும் பின்னும் உள்ளவற்றோடு பொருந்தாமல் மிக உயர்ந்து காணப்படுகின்றன. வாரம் ஒருமுறை என்ற விதிக்கு மாறாக நாள்தோறும் எடுக்கப்பட்டுமுள்ளன. அவ்வாரம் பதிவாளர் துணைவியை இழந்த துயரில் இருந்தமையால் இவை பிழையானவை எனக் கருதி நீக்கப்பட்டன.' அன்போடு எழுதியிருக்கிறாய். அப்பா பாவம், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. அயல் கிணறு எதற்கும் நான் கிட்டப் போகக்கூடாது. எங்கள் கிணறு ஒன்றுதான் எனக்கு இருந்தது. காலையில் எழும்பி மீற்றரை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் இருப்பேன். அள்ளுவேன், தோய்ப்பேன், காட்டுவதை எழுதுவேன். நீ குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாய். நான் அழுகிறேன் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் உள்ளே போனாய். அழுதேன்தான். ஆனால் எண்ணைச் சரியாகத்தான் பார்த்தேன். எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு வந்த சனம் அந்தத் தண்ணியில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிள்ளைக்கு நல்ல கிணறு" என்று சொன்னது. நான் பழைய எண்ணுக்குத் திரும்பிப் போனேன்.

நடராசா வந்த நாளுக்குப் பிறகு எங்கள் ஐந்தாம் இலக்கத்துக்கு நான் எழுதியதில் நீ வெட்டி எறிந்த அந்த ஏழு மட்டும் உண்மை, மகளே. மற்றதை நீக்கு. அவற்றைத் திரும்பப் போடு.

அப்பா